வாயே தொட்டில்
மலாவி ஏரியின் மஞ்சள் சிக்லிட்

வாய் உப்பி, இரைக்கு ஓடி வராமல் கல்லிடுக்கில் ஒதுங்கி நிற்கும் மீன் தெரிகிறதா? அது தாய். முட்டைகளை இட்டதுமே வாயில் அள்ளிக்கொண்டு, குஞ்சுகள் தாமாக நீந்தும்வரை சுமார் 3 வாரம் சுமக்கிறது. அந்நாள்களில் அது இரை எடுப்பதே அரிது.

இதன் உறவை நீங்கள் அறிவீர்கள்: நம் குழம்புச் சட்டிக்கு வரும் திலாப்பியா. 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட அந்த ஆப்பிரிக்க மீனும் வாயில்தான் குஞ்சு காக்கும்.

வளர்க்க: மலாவி ஏரியின் நீர் கடினமானது, காரத்தன்மை கொண்டது. மழை மிகுந்த யட்டியாந்தோட்டையின் ஓடைநீரோ மென்மையானது. வடிகட்டியில் சிப்பி ஓட்டுத் துண்டுகளை இட்டால் நீர் மெல்லக் கடினமாகும். ஒளிந்துகொள்ளக் கற்களை அடுக்குங்கள். ஓர் ஆணுக்கு மூன்று பெண் மீன்கள் இருந்தால், ஆணின் துரத்தல் ஒரே பெண் மீது விழாது. வாய் உப்பிய தாயைத் தனித் தொட்டிக்கு மாற்றுங்கள், குஞ்சுகள் பிழைக்கும்.

வேண்டுகோள்: மிஞ்சிய மீன்களை ஆற்றில் விடாதீர்கள். களனி ஆற்றுப்படுகையின் நிழலோடைகளில், 5 சென்ரிமீற்றருக்கு மேல் வளராத செரி பார்ப் என்னும் சிறு மீன் வாழ்கிறது. வெளியிலிருந்து வந்த மீன்கள் அதை நெருக்கினால், இலங்கையைத் தவிர அதற்கு வேறு தாயகம் இல்லை.