பழைய டிசைன் கோப்புகளை மாற்றுவது எப்படி?

ஆட்டையாம்பட்டி வட்டாரத்தில் ஒரு நெசவாளர் சங்கத்தின் இருப்பைச் சரிபார்க்கச் சென்றிருந்தோம். பீரோவில் பழைய பிளாப்பி தட்டுகள் சில இருந்தன. சேலைக் கரைகளும் புட்டாக்களும் அவற்றில் பதிந்திருந்தன. அவற்றை எடுத்துக் கொடுக்க முன்வந்த ஒருவர், எல்லாவற்றையும் 'ஜேபெக்' படங்களாக மாற்றித் தந்திருந்தார். திரையில் அழகாகவே தெரிந்தன. அட்டை குத்த முற்பட்டபோதுதான் குறை வெளிப்பட்டது. மூன்றே வர்ணம் கொண்ட கரையில் நூற்றுக்கணக்கான வர்ணங்கள் புகுந்திருந்தன! இந்த நஷ்டம் மற்றச் சங்கங்களுக்கு நேராதிருக்கவே இதை எழுதுகிறோம்.

நெசவாளிக்கு டிசைன் வெறும் படமன்று; தறிக்கு இடும் கட்டளை. 1804-இல் பிரான்சு தேசத்தில் ஜோசப் மேரி ஜக்கார்டு அமைத்த கருவியில், அட்டையில் துளை இருந்தால் கொக்கி பாவிழையைத் தூக்கும், இல்லையேல் தூக்காது. அத்துளைகளுக்கு ஆதாரம் கட்டத்தாள். தாளின் ஒரு கட்டமே கணினியில் ஒரு புள்ளி. ஆகவே 240 கொக்கிகளுக்கும் எழுதிய டிசைன் 240 புள்ளி அகலம் இருத்தல் வேண்டும். 239-ம் உதவாது, 241-ம் உதவாது.

1980-களில் தோன்றிய 'பிசிஎக்ஸ்' கோப்பு, ஒரே வர்ணம் தொடர்ந்து வருமிடத்தில் "இவ்வர்ணம் 40 முறை" என்று சுருக்கி எழுதும். பாவுக் கணக்கில் "சிவப்பு 40, மஞ்சள் 8" என நாம் குறிப்பது போன்றதே இது. இதனால் ஒரு புள்ளியும் கெடுவதில்லை. 1992-இல் தரப்படுத்தப்பட்ட ஜேபெக்கோ புகைப்படங்களுக்காக அமைந்தது. கண்ணுக்குப் புலப்படாத நுட்பங்களை அது விட்டுவிடும். வர்ணங்கள் சேரும் விளிம்புகளைக் கலக்கிவிடும். கண் அதைப் பொறுத்துக்கொள்ளும், தறி பொறுக்காது. பின்னர் வர்ணங்களைக் குறைத்தாலும், விளிம்புப் புள்ளி எந்த வர்ணத்தைச் சேர்ந்தது என்று திட்டமாகக் கூற இயலாது.

அங்கத்தினர்கள் கைக்கொள்ள வேண்டிய முறை வருமாறு:

முதலாவது, மூலக் கோப்பைத் தொடாமல் நகலில் வேலை செய்க. மாற்றியபின்னும் மூலத்தை அழிக்கலாகாது.

இரண்டாவது, 'பிஎம்பி' அல்லது 'பிஎன்ஜி' வகைக்கு மாற்றுக. 'கிம்ப்', 'இமேஜ்மேஜிக்' என்னும் இலவச மென்பொருள்கள் இதற்குப் போதும். வர்ணப் பட்டியல் முறையை மாற்றவேண்டாம்.

மூன்றாவது, அளவை மாற்றற்க. அங்குலத்திற்குப் பாவிழை மிகுந்தும் ஊடை குறைந்தும் இருக்கும் துணியின் டிசைன், திரையில் குட்டையாகத் தெரியும். அதைப் பிழையென்று எண்ணி நீட்டிவிடுவோர் உண்டு. துணியில் அது தானே சரியாக அமையும்.

நான்காவது, அகலம், உயரம், வர்ண எண்ணிக்கை ஆகிய மூன்றையும் மாற்றுமுன்னும் பின்னும் எழுதி ஒப்பிடுக. ஒன்று வேறுபட்டாலும் அட்டை குத்தவேண்டாம்.

ஐந்தாவது, எத்தனை கொக்கி, அங்குலத்திற்கு எத்தனை பாவு, எத்தனை ஊடை, எந்த வர்ணத்திற்கு இழை தூக்கவேண்டும் என்பவற்றைப் பதிவேட்டில் குறித்து வைக்க. தறியின் இவ்விவரங்களைப் படக்கோப்பு தானாகச் சொல்லாது.

சந்தேகம் எழுந்தால் உசாவுவதற்கு, 1960-இல் சேலத்தில் தொடங்கிய இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிலையம் அருகிலேயே உள்ளது.

நாம் கண்ட சங்கத்தில் நல்லவேளையாகத் தட்டுகளை எறிந்துவிடவில்லை. அவற்றிலிருந்து மீண்டும் முறைப்படி மாற்றி, அந்தக் கரைக்கு அட்டை குத்தினார்கள். நூலும் துணியும் போலவே டிசைனும் சங்கத்தின் சொத்து. இருப்புப் பதிவேட்டில் அதற்கும் ஒரு பக்கம் ஒதுக்குமாறு நிர்வாகக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறோம்.