பற்சீராக்கமும் பல்நரம்பின் உணர்திறனும்

நிரை பிறழ்ந்து முளைத்த பற்களைக் கம்பிகளின் துணைகொண்டு உரிய இடத்துக்கு நகர்த்தும் பற்சீராக்கச் சிகிச்சை, ஒருகாலத்தில் நகரத்து வசதி படைத்தோரின் அலங்காரத் தேவையாகவே கருதப்பட்டது. அக்கருத்து இப்பொழுது வலுவிழந்துவிட்டது. கடித்தலுக்கும் மெல்லுதலுக்கும் பற்களைத் துப்புரவாகப் பேணுதற்கும் பல்நிரை செம்மையாக அமைதல் வேண்டும் என்பது பொதுவாக உணரப்பட்டுள்ளது. எனினும், ஊர்காவற்றுறையை அடுத்த புளியங்கூடல் போன்ற தீவகக் கிராமமொன்றிலிருந்து பண்ணைத் தாம்போதியைக் கடந்து யாழ்ப்பாண நகருக்கு மாதந்தோறும் சென்றுவரும் ஒரு மாணவனுக்குக் கம்பி கட்டிய முதல் இரவில் எழும் நோவு பெரும் அச்சத்தைத் தருவதாகும். நரம்பு செத்துவிடுமோ என அவனுடைய பெற்றோர் ஐயுறுவர். அவ்வையத்துக்கு விடைகூற வைத்தியர் அருகில் இருப்பதில்லை. பற்சீராக்கத்தின்போது பல்லின் உணர்வுக்கு நிகழ்வது யாது என்பதை விளக்க முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் பல்லின் அமைப்பை நோக்குவோம். வெளியே தெரியும் வெண்ணிற மிளிரிக்கு உணர்வில்லை. அதன் கீழுள்ள பன்முதலில் எண்ணற்ற நுண்குழாய்கள் உள. நடுவே அமைந்த மச்சைக்குழியில் குருதிக்கலன்களும் நரம்பிழைகளும் நிறைந்த மென்மையான மச்சை காணப்படும். பொதுமக்கள் பல்நரம்பு என வழங்குவது இம்மச்சையையே. ஐந்தாம் மண்டையோட்டு நரம்பின் கிளைகள் வேர்நுனியிலுள்ள சிறு துவாரத்தினூடாக இதனுட் புகுகின்றன. இந்நரம்பிழைகளுள் இருவகை முதன்மையானவை. ஒருவகை விரைந்து செய்தி கடத்தும். குளிர்பட்டவுடன் சுரீரெனத் தோன்றும் கூச்சம் இதன் பணி. மற்றையது மெல்லக் கடத்தும். விட்டுவிடாது குடையும் ஆழ்ந்த நோவு இதனால் உணரப்படுவது. நுண்குழாய்களிலுள்ள திரவத்தின் அசைவே நரம்பைத் தூண்டுகிறது என்னும் கொள்கையைச் சுவீடன் நாட்டறிஞர் பிரன்ஸ்ட்ரோம் 1960களில் நிலைநிறுத்தினார்.

பல் எலும்பில் நேரடியாகப் பதிந்திருப்பதில்லை. வேரைச் சூழ்ந்த மெல்லிய நாரிழையங்களாலான இணையம் ஒன்று அதனை எலும்போடு பிணைத்து நிற்கிறது. கம்பியின் விசை பல்லை ஒருபுறம் தள்ளும்போது, அப்பக்கத்து இணையம் நசுங்குகிறது. எதிர்ப்பக்கத்து இணையம் இழுபடுகிறது. நசுங்கிய பக்கத்தில் எலும்பு கரைய, இழுபட்ட பக்கத்தில் புதிய எலும்பு படிகிறது. சான்ஸ்டெட் என்பார் நாய்களின்மீது நிகழ்த்திய சோதனைகள் மூலம் 1904ஆம் ஆண்டளவிலேயே இவ்வுண்மை புலனாயிற்று. 1932இல் சுவார்ஸ் என்பவர், விசையானது மயிர்த்துளைக்குழாய்களின் குருதியமுக்கத்தை விஞ்சுதல் ஆகாது எனக் கூறி, அதன் அளவைச் சதுர சென்ரிமீற்றருக்கு 20 முதல் 26 கிராம் என வரையறுத்தார். மென்மையான விசையே சிறந்தது என்ற கோட்பாடு இன்றும் பற்சீராக்கத்தின் அடித்தளமாக விளங்குகிறது.

இனி நோவைக் கருதுவோம். இணையம் நசுங்கும்போது அங்கு சிறிய அளவிலான அழற்சி தோன்றுகிறது. புரொஸ்ரகிளண்டின் முதலிய பொருள்கள் சுரந்து, அங்குள்ள நரம்பு முனைகளை எளிதில் தூண்டப்படும் நிலைக்குக் கொணர்கின்றன. நோவு சில மணிநேரத்துள் தொடங்கி, ஏறத்தாழ 24 மணிநேரத்தில் உச்சமடைந்து, ஒரு வாரத்துள் பெரும்பாலும் தணிந்துவிடுவது வழமை. கடிக்கும்போதே இது மிகுதியாக உணரப்படும். இது பெரும்பாலும் வேரைச் சூழ்ந்த இணையத்தின் நோவேயன்றி, மச்சையின் நோவன்று என்பது இவ்விடத்துக் கருத்திற் கொள்ளற்பாலது. பல்லை நகர்த்தும் செயலும் நோவைத் தரும் செயலும் ஒரே அழற்சியின் இரு முகங்களாகும். ஆதலின், இந்நோவைச் சிகிச்சை பிழைத்தமைக்கு அறிகுறியாகக் கொள்ளுதல் தவறு.

மச்சையிலும் மாற்றங்கள் நிகழாமலில்லை. 1994இல் மக்டொனால்ட், பிற் போர்ட் ஆகியோர் லேசர் ஒளியின் துணைகொண்டு, நகர்த்தப்படும் மேற்றாடை வேட்டைப் பற்களின் குருதியோட்டத்தை அளந்தனர். விசை தொடங்கியதும் ஓட்டம் சிறிது நேரம் குறைந்தது. பின்னர் வழமையைவிட அதிகரித்தது. 72 மணிநேரத்துள் பழைய நிலைக்கு மீண்டது. குருதியோட்டம் மிகும் வேளையில் நரம்பு முனைகள் கூர்மையடைவதால், குளிர்ந்த நீர் பட்டவுடன் சிலருக்குப் பல் கூசுவதுண்டு.

கூச்சத்துக்கு மாறான நிலையொன்றும் உண்டு. அதுவே எமது கவனத்தைப் பெரிதும் வேண்டி நிற்பது. பல் உயிருடன் உள்ளதா என அறியப் பல்வைத்தியர் சிறிய மின்னோட்டத்தைப் பல்லினுட் செலுத்தி, நோயாளி எப்பொழுது உணர்கிறார் என்று காண்பர். பற்சீராக்கம் நடைபெறும் பற்கள் இச்சோதனையில் வழமையிலும் கூடிய மின்னோட்டத்தை வேண்டுகின்றன. சில பற்கள் எவ்வித விடையும் தருவதில்லை. 1974இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று இதனைச் சுட்டியது. பின்வந்த ஆய்வுகளும் இதனை உறுதிசெய்தன. வேர்நுனியில் ஏற்படும் அழுத்தமும் ஒட்சிசன் குறைவும் விரைந்து கடத்தும் நரம்பிழைகளைத் தற்காலிகமாகச் செயலிழக்கச் செய்கின்றன என்பது இதற்குக் கூறப்படும் விளக்கமாகும். மின்சோதனை அவ்விழைகளையே நாடுவது. சிறுவரின் வேர்நுனி முற்றாக வளராமையாலும் அவர்தம் பற்கள் மந்தமாகவே விடை தரும். உலோகக் கம்பியினூடாக மின் பிற இடங்களுக்குப் பரவுவதும் பிழையான முடிவுக்கு இட்டுச் செல்லலாம்.

இங்குதான் இடர் பிறக்கிறது. மின்சோதனை அறிவது நரம்பின் விடையை மட்டுமே. பல்லின் உயிர் தங்கியிருப்பதோ குருதியோட்டத்தில். நரம்பு மௌனமாக இருப்பதாலேயே பல் இறந்துவிட்டது என முடிவு செய்து, நல்ல பல்லைத் துளைத்து மச்சையை அகற்றினால், இழந்ததை மீளப் பெறுதல் இயலாது. எனவே, சிகிச்சை தொடங்கு முன்னரே ஒவ்வொரு பல்லின் விடையையும் குறித்து வைத்தல் வேண்டும். ஐயம் எழும்போது மின்சோதனையோடு குளிர்ச்சோதனையையும் செய்து, பக்கத்துப் பற்களோடு ஒப்பிட்டு, ஊடுகதிர்ப் படத்தையும் நோக்கி, சில வாரங்களின் பின் மீண்டும் சோதித்தல் தக்கது.

அதேவேளை, எல்லாக் குறிகளையும் புறக்கணித்தலும் ஆகாது. பல் கருமையடைதல், முரசில் வீக்கமோ சீழோ தோன்றல், தூண்டுதல் இன்றியே இரவில் துடிதுடிக்கும் நோவு, குளிர் அகன்ற பின்னும் நீடிக்கும் கூச்சம் என்பன உடனடியாக வைத்தியரை நாடவேண்டிய அறிகுறிகள். முன்னர் விழுந்து அடிபட்ட பற்களில் மச்சை இறக்கும் அபாயம் கூடுதலாதலின், அச்செய்தியைத் தொடக்கத்திலேயே வைத்தியருக்குக் கூறுதல் அவசியம். முரசு விலகி வேர் வெளிப்படுதல், கம்பியைச் சுற்றி உணவு தங்கிச் சூத்தை விழுதல் ஆகியனவும் கூச்சத்தை உண்டாக்கும். இவை நரம்பின் குற்றமல்ல, பராமரிப்பின் குறை.

முதல் வாரத்தில் இடியப்பம், கஞ்சி போன்ற மென்மையான உணவை உண்டு, புழுக்கொடியலையும் முறுக்கையும் தவிர்த்தல் நோவைக் குறைக்கும், கம்பியையும் காக்கும். வைத்தியரின் ஆலோசனையுடன் பரசிற்றமோல் உட்கொள்ளலாம். இபுபுரோபன் போன்றவை புரொஸ்ரகிளண்டினைத் தடுப்பதால், நெடுநாள் உட்கொண்டாற் பல்லின் நகர்வைத் தாமதப்படுத்தக்கூடும் எனக் கருதப்படுகிறது.

இவ்வறிவு நிபுணரின் அறைக்குள் அடங்கிவிடுதல் போதாது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் கிறீன், மேலை மருத்துவத்தை மானிப்பாயில் தமிழிலேயே கற்பித்தார். மருத்துவ நூல்களையும் தமிழிற் பெயர்த்தார். நோயாளியின் மொழியில் விளங்காத மருத்துவம் பாதி மருத்துவமே என்பதை அப்பணி உணர்த்தி நிற்கிறது. பற்சீராக்கம் ஈராண்டுகள் வரை நீளும் சிகிச்சை. 1990ஆம் ஆண்டின் போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து பல திசைகளிலும் சிதறிய தீவக மக்களுக்கு, ஒரே வைத்தியரிடம் தொடர்ந்து செல்வதே அரிய வாய்ப்பு. ஆதலால், தொடக்கச் சோதனையின் முடிவுகள் வைத்தியரின் கோவையில் மட்டுமன்றி நோயாளியின் கையிலும் இருத்தல் வேண்டும். புளியங்கூடலிற் கம்பி கட்டிய ஒருவரின் பல்லைக் கொழும்பிலோ கடல் கடந்த நகரிலோ சோதிக்க நேரும் வைத்தியருக்கு, மௌனமான நரம்பை இறந்த நரம்பெனக் கொள்ளாதிருக்க அவ்வொரு தாள் போதுமானது. நல்ல பல்லொன்று அதனாற் பிழைக்கும்.