நெல் வயலிலிருந்து ரப்பர் தோட்டத்துக்கு!

குட்டீஸ்... தஞ்சாவூருக்கு, 'தமிழகத்தின் நெற்களஞ்சியம்' என்று ஒரு பெயர் உண்டு. உங்களுக்கும் தெரிந்திருக்கும். காவிரி பாய்ந்து, கண்ணுக்கெட்டிய தூரம் வரை பச்சைப் பசேல் என்று வயல்கள். அந்த ஊரிலிருந்தே, நூறு ஆண்டுகளுக்கு முன், ஆயிரக்கணக்கானோர் பிழைப்புத் தேடி கப்பல் ஏறினர் என்றால் நம்புவீர்களா?

நெல் நிறைய விளைந்தது. ஆனால், வயல்கள் பெரும்பாலும் மிராசுதார்கள் கையில் இருந்தன. நாற்று நட்டு, களை பறித்து, கதிர் அறுத்தவர்களுக்கு ஒரு குழி நிலம் கூட கிடையாது. அவர்களில் பலர் பண்ணையாட்கள். வாங்கிய கடனுக்காக, அப்பாவுக்குப் பின் பிள்ளை, பிள்ளைக்குப் பின் பேரன் என, ஒரே பண்ணையில் உழைத்தனர். சாதியின் பெயரால் பட்ட அவமானங்கள் வேறு!

கூப்பிட வந்த கங்காணி!

அந்த நேரத்தில், மலேயாவில் ரப்பர் தோட்டங்கள் பெருகின. இன்றைய மலேசியாவின் ஒரு பகுதி தான் மலேயா. காருக்கு டயர் செய்ய ரப்பர் வேண்டும். ரப்பர் மரத்தில் பால் எடுக்க ஆட்கள் வேண்டும். தோட்டத்தில் வேலை பார்த்த ஒருவரையே, அவரது சொந்த ஊருக்கு அனுப்பி, ஆள் சேர்த்து வரச் சொல்வர் தோட்டத்து முதலாளிகள். அவர் தான் கங்காணி. தெரிந்த மனிதர் வந்து கூப்பிட்டால், நம்பிக்கை வரும் அல்லவா?

ஊரை விட்டுக் கிளம்பியவர்கள், நாகப்பட்டினத்தில் கூடினர். அங்கே கரையோரம் ஆழம் குறைவு. அதனால், கப்பல் நடுக்கடலில் நிற்கும். படகில் போய்த் தான் ஏற வேண்டும். மேல்தளத்தில் பாயை விரித்தால், அது தான் வீடு! வங்கக் கடலைக் கடந்து பினாங்கு போய்ச் சேர, ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். தொற்றுநோய் பரவாமல் இருக்க, முதலில் ஜெரெஜாக் என்ற சின்னத் தீவில் தங்க வைத்து, அதன் பின் தான் தோட்டத்துக்கு அனுப்புவர்.

இந்தத் தடத்தில் ஓடிய புகழ்பெற்ற கப்பல், 'ரஜூலா!' 1926ல் கட்டப்பட்டு, 1970களின் தொடக்கம் வரை ஓடியது.

மரமும் வந்தேறி தான்!

ஒரு வேடிக்கை தெரியுமா குட்டீஸ்? ரப்பர் மரமே மலேயாவைச் சேர்ந்தது அல்ல. அதன் சொந்த ஊர் பிரேசில். அங்கிருந்து, 1876ல் விதைகள் லண்டனுக்குப் போயின. மறு ஆண்டு, 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. ஆக, வெளியூர் மரத்தை வளர்த்தது, வெளியூர் மனிதர்கள்!

விடிவதற்கு முன்பே, 'பெரட்டு' என்று ஆட்களை வரிசையில் நிறுத்தி, பெயர் கூப்பிடுவர். குளிர்ச்சியான நேரத்தில் தான் பால் நன்றாக வடியும். நெற்றியில் விளக்கைக் கட்டி, பட்டையைச் சாய்வாக, மெல்லிசாகச் சீவ வேண்டும். ஆழமாக வெட்டினால், மரம் புண்ணாகி விடும். இப்படி ஒரு நாளைக்கு முந்நூறு, நானூறு மரங்கள்!

1920களின் கடைசியில், பல தோட்டங்களில் ஆணுக்கு நாள் கூலி 50 காசு; பெண்ணுக்கு 40 காசு. வரிசையாகக் கட்டிய 'லயம்' தான் குடியிருப்பு. நெல் விளைந்த மண்ணிலிருந்து போனவர்கள், அங்கே பர்மாவிலிருந்து வந்த அரிசியைச் சமைத்தனர். மலேரியா காய்ச்சலில் மாண்டவர்கள் ஏராளம். இரண்டாம் உலகப் போரில் மலேயாவைப் பிடித்த ஜப்பானியர், சயாம் - பர்மா இடையே 415 கி.மீ., ரயில் பாதை போட ஆட்களைக் கொண்டு போயினர். அவர்களில் பல்லாயிரம் தமிழர்கள் திரும்பவே இல்லை.

தோட்டத்தில் ஒரு பள்ளிக்கூடம்!

இத்தனை துன்பத்திலும், அங்கே ஒரு வாழ்க்கையைக் கட்டி எழுப்பினர். ஏழு முதல், 14 வயதுக்குள் 10 பிள்ளைகள் இருந்தால், தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று, 1923ல் சட்டம் வந்தது. பல இடங்களில், எழுதப் படிக்கத் தெரிந்த தொழிலாளியோ, கங்காணியோ தான் வாத்தியார்! அப்படி முளைத்த பள்ளிகள் பல, இன்றும் நடக்கின்றன. மலேசியாவில் இப்போது, 500க்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் உள்ளன.

மலேயா, 1957ல் விடுதலை அடைந்தது. அந்தக் காலகட்டத்தில், வெள்ளைக்கார முதலாளிகள் பலர், தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றனர். வேலை போனால், லயத்து வீடும் போய் விடும். எங்கே போவது?

அப்போது வழி காட்டியவர், வீ.தி.சம்பந்தன். ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்து முன்னேறியவரின் மகன். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். மலேசியாவில் அமைச்சராக இருந்தவர். 1960ல் ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய், 'மாதம் 10 வெள்ளி கொடுங்கள். தோட்டத்தை நாமே வாங்கலாம்' என்றார். அங்கே பணத்தை, 'வெள்ளி' என்பர். தொழிலாளர்கள் கூலியில் மிச்சம் பிடித்துக் கொடுத்தனர். கெடா மாநிலத்தில், புக்கிட் சிடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. ஊரில் ஒரு குழி நிலம் இல்லாமல் கப்பல் ஏறியவர்களின் பிள்ளைகள், கடல் கடந்து, தோட்டத்துக்கே பங்குதாரர் ஆயினர்!

இன்றும் தஞ்சை, திருவாரூர், நாகை பக்கத்திலிருந்து சிங்கப்பூருக்கும், வளைகுடா நாடுகளுக்கும் எத்தனையோ பேர் போகின்றனர். உங்கள் வீட்டிலோ, தெருவிலோ அப்படிப் போய் வந்தவர் இருந்தால், 'என்ன வாங்கி வந்தீங்க?' என்று மட்டும் கேட்காதீங்க குட்டீஸ். 'ஏன் போனீங்க? முதல் நாள் எங்கே தூங்கினீங்க? யார் உதவினாங்க?' என்றும் கேளுங்க. அவர்கள் சொல்வதை ஒரு நோட்டில் எழுதி வையுங்க. கப்பல் ஏறிய அந்தத் தாத்தா, பாட்டிகளில் பலருக்கு எழுதத் தெரியாது. அவர்களின் கதைகளும் அவர்களோடே போய் விட்டன. உங்களுக்குத் தான் எழுதத் தெரியுமே!