ஆயில் என்ஜினும் எண்ணெயின் சுத்தமும்

விருதுநகர், சாத்தூர், சிவகாசிப் பகுதிகளில் கிணற்றுப் பாசனத்திற்கு டீசல் என்ஜின் வைத்திருக்கும் விவசாயிகள், பருத்தி காய் பிடிக்குங் காலத்தில் அது நின்றுபோனால் நேரும் நஷ்டத்தை நன்கறிவார்கள். பல சமயங்களில் இதற்குக் காரணம் எண்ணெயிற் கலந்த தூசியும் நீருமேயாம்.

ஜெர்மானியப் பொறியாளர் ருடால்ப் டீசல் 1897-ல் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய இவ்வகை என்ஜினில், மிகுதியாக அழுத்தப்பட்ட காற்றின் சூட்டினாலேயே எண்ணெய் பற்றுகிறது. அதனை நுண்துளை வழியே பீச்சும் பம்பும் நாஸிலும் தூசி பட்டால் தேய்ந்துபோம்; நீர் சேர்ந்தால் துருப்பிடிக்கும்.

ஆகவே, டிரம்மில் வாங்கிய எண்ணெயை ஒரு நாள் அசையாமல் வைக்கவேண்டும். நீர் எண்ணெயினும் கனமானதால் அடியில் தங்கும். அடிமண்டியை விட்டு, மேலெண்ணெயை மாத்திரம் நுண்ணிய கம்பிச் சல்லடையில் வடித்து ஊற்றுக. மாலையில் வேலை முடிந்ததும், என்ஜின் ஆறியபின் தொட்டியை நிரப்பிவைத்தால், இரவில் அதனுட்புறம் நீர் வியர்ப்பது குறையும். பில்டரை உரிய காலத்தில் மாற்றுக. எண்ணெய் தீர்ந்து என்ஜின் நின்றால், குழாயிற் புகுந்த காற்றை வெளியேற்றிய பின்னரே மீண்டும் ஓட்டவேண்டும்.

புகையில் நச்சுவாயு உண்டு. கொட்டகைக்குக் காற்றோட்டம் அவசியம். புகைக்குழாயிற் படிந்த கரி தீப்பொறியாய்ப் பறக்குமாதலால், பட்டாசுச் சாலைகளை அடுத்த நிலங்களில் அக்குழாயை அத்திசை நோக்கி வைத்தலாகாது.

இவை பெருஞ்செலவில்லாத காரியங்களே. விவசாயிகள் கைக்கொண்டு பயனடைவார்களாக.