நள்ளிரவில் தோற்கும் சங்கல்பம்

வேலூரிலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில், படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்கு வழி பிரிகின்ற சந்தவாசலிலும் அதன் சுற்றுப்புறத்திலும், பகலெல்லாம் ஒலித்த தறிச் சத்தம் ஓய்ந்த பிறகு, இளைஞர்கள் கைபேசியில் துப்பாக்கி ஏந்தித் தீவுகளில் இறங்கும் இரண்டாவது வேலைநேரம் ஒன்று தொடங்குகிறது. அது முடியும்போது மணி இரண்டாகிவிடுவதும் உண்டு.

எனக்குத் தெரிந்த ஒரு நெசவாள இளைஞர், அப்படிப்பட்ட இரவுக்கு மறுநாள் தறிக்குழியில் கால் வைத்து மிதித்துக்கொண்டிருக்கையில், பாவில் ஓர் இழை அறுந்ததைக் கவனியாமல் நான்கு விரற்கடை நெய்துவிட்டார். துணியில் கோடு ஓடியிருந்தது. நெய்ததை இழையிழையாகப் பிரித்து, அறுந்ததை முடிந்து, மறுபடி நெய்வதற்குள் அரைநாள் போயிற்று. சேலைக் கணக்கில் கூலி வாங்குகிறவருக்கு அந்த அரைநாளைத் தருவார் யாருமில்லை. "பத்து மணிக்கு வெச்சுடணும்னுதாண்ணா தினமும் நினைக்கிறேன். ஸ்குவாடுல மூணு பேர் காத்துட்டிருக்கும்போது எப்படி வெளியே வர்றது?" என்றார். இதில் சோம்பல் எங்கே இருக்கிறது? நண்பர்களைக் கைவிடக் கூடாதென்ற நல்ல குணமே அவரைக் கட்டிப்போடுகிறது.

நூறு பேர் இறங்கி, வட்டம் சுருங்கச் சுருங்க ஒருவரோ ஓர் அணியோ எஞ்சும் அந்த ஆட்டம் ஏறத்தாழ அரைமணி நேரத்தில் முடிவதால், தோற்றவனுக்கு ஈடுகட்டவும் வென்றவனுக்குத் தொடரவும் 'இன்னும் ஒன்று' என்பது எப்போதும் சிறியதாகவே தோன்றுகிறது. தினசரிப் பரிசும், பருவந்தோறும் இறங்கிவிடும் தரவரிசையும் அந்த ஆசையை ஆறவிடுவதில்லை. இவற்றை யோசித்து அமைத்தவர்களுக்கு எதிரே, பகலெல்லாம் உழைத்துக் களைத்த ஒருவனின் வைராக்கியத்தை நள்ளிரவில் நிறுத்தி, அது தோற்றதும் அவனைத் தூற்றுவது அநியாயம்.

அரசாங்கம் இதை ஒரு பகுதியில் உணர்ந்தது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை தடை விதித்த தமிழ்நாட்டு விதிகளை, 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் செல்லும் என்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் மத்தியச் சட்டம் பணவிளையாட்டையே தடைசெய்தது. பணமில்லாத ஆட்டங்களுக்கு அந்த இரவுக் கதவு இல்லை. தென் கொரியா 2011-இல் பதினாறு வயதுக்கு உட்பட்டோருக்கு நள்ளிரவுத் தடை போட்டு, பத்தாண்டுக்குப் பின் அதைக் கைவிட்டு, பொறுப்பைக் குடும்பத்திடமே ஒப்படைத்தது.

ஆகவே சங்கல்பத்தைச் செலவிடவேண்டிய வேளை இரவு ஒன்பது மணி என்பதே என் உறுதியான அபிப்பிராயம். ஆட்டத்தைத் தறி நிறுத்திய மாலைக்கு நகர்த்துங்கள். முதல் ஆட்டத்துக்கு முன்பே 'ஒன்பதரைக்கு நான் இல்லை' என்று கூட்டாளிகளிடம் சொல்லிவிடுங்கள். பிறகு கைபேசியைப் பெற்றோர் படுக்கும் அறையில் சார்ஜில் போடுங்கள். 'அலாரம் அதில்தானே இருக்கிறது' என்பது எல்லாரும் சொல்லும் ஆட்சேபம். அதற்குப் பரிகாரமாக ஒரு சாதாரண அலாரம் கடிகாரம் வாங்கிக்கொள்ளலாம். பெற்றோர்களுக்கும் ஒன்று: இருட்டில் பாய்ந்து கைபேசியைப் பிடுங்குவதால் சண்டை வளருமேயன்றிப் பழக்கம் குறையாது.

இரவில் ஆடுகிற எல்லாரும் நோயாளிகள் அல்லர். கட்டுப்பாடு இழந்து, வேலையும் உறவும் கெடுவது தெரிந்தும் பொதுவாக ஓராண்டுக் காலம் விடமுடியாமல் தொடரும் நிலையையே, 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் விளையாட்டுக் கோளாறு என வகைப்படுத்துகிறது. உங்கள் வீட்டில் அந்நிலை தெரிந்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். 14416 என்ற டெலி மனஸ் எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைத்து, தமிழிலேயே பேசலாம்.