தட்டைத்திரை வந்ததும் உள்ளூர் அலைவரிசைகள் மறைவது ஏன்?

லுணுகலைப் பகுதித் தோட்டமொன்றில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியரான என் நண்பர், பல மாதங்கள் பணம் சேர்த்து 43 அங்குலத் தட்டைத்திரைத் தொலைக்காட்சி ஒன்றை வாங்கினார். "சேர், இது ஸ்மார்ட் டீவி. இதுக்கு அன்டெனா ஒண்ணும் தேவையில்ல" என்று கடையில் சொல்லியனுப்பினார்களாம். வீட்டில் பொருத்திப் பார்த்தபோது திரையில் தெரிந்தது நீல நிறம் மட்டுமே. பழைய பெட்டியில் பனி கொட்டுவது போலேனும் தெரிந்துகொண்டிருந்த இரவுச் செய்தி, புதியதில் அறவே இல்லை. நண்பர் தாம் ஏமாற்றப்பட்டதாகவே எண்ணினார்.

இது அவருக்கு மட்டும் நேர்ந்த அனுபவமன்று. பசறை, மடுல்சீமை, லுணுகலைப் பகுதிகளில் தட்டைத்திரைக்கு மாறிய பல குடும்பங்களிடம் இதே முறைப்பாட்டைக் கேட்க முடிகின்றது. குறை பெரும்பாலும் தொலைக்காட்சிப் பெட்டியில் இருப்பதில்லை. கூரைமேல் உள்ள அன்டெனாவிலும், அங்கிருந்து இறங்கும் வயரிலும், பெட்டியின் அமைப்புகளிலுமே அது உள்ளது.

முதலில் நிலவமைப்பை நோக்குவோம். ஜப்பானிய உதவியுடன் 1982 பெப்ரவரி 15 ஆம் திகதி ரூபவாஹினி தனது சேவையை ஆரம்பித்தபோது, அதன் பிரதான ஒளிபரப்புக் கோபுரம் நாட்டின் அதியுயர் சிகரமான பிதுருதலாகலையில் நிறுவப்பட்டது. அம்மலையின் உயரம் 2524 மீற்றர். லுணுகலையிலிருந்து நேர்கோட்டில் 50 கிலோமீற்றருக்குள்தான், ஏறக்குறைய நேர் மேற்கே அது உள்ளது. தூரத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் ஒளிபரப்பு கண்ணாடி போலத் தெரிய வேண்டும். ஆனால் தொலைக்காட்சி அலைகள் ஒளியைப் போன்று நேராகச் செல்பவை. மலையைச் சுற்றி வளைந்து வரும் ஆற்றல் அவற்றுக்கு மிகக் குறைவு. மேற்கே மடுல்சீமைப் பக்க மேடுகளும் தென்மேற்கே 2036 மீற்றர் உயரமான நமுனுகுலையும் மறித்து நிற்க, பள்ளத்திலுள்ள லயன்களுக்கு வந்து சேர்வது மலைமுகட்டில் சிதறிய மிச்சமும், எதிர்ச்சரிவில் பட்டுத் திரும்பிய எதிரொலிப்புமே. ஒரே தோட்டத்தில் மேல் லயனில் துல்லியமாகத் தெரிவது கீழ் லயனில் தெரியாதிருப்பதன் காரணம் இதுவே.

அப்படியாயின் பழைய பெட்டி மட்டும் எவ்வாறு காட்டியது என்ற கேள்வி எழும். பழைய குழாய்த் தொலைக்காட்சி தனக்குக் கிடைத்ததை அப்படியே திரையில் கொட்டிவிடும். அலை பலவீனமாயின் புள்ளிகளோடு காட்டும். புதிய பெட்டியோ, வரும் அனலொக் சமிக்ஞையை முதலில் எண்களாக மாற்றி, அதனைத் தன் திரைக்கேற்பப் பெருப்பித்த பின்னரே காட்டுகின்றது. நமது அனலொக் ஒளிபரப்பில் படத்துக்குரிய கோடுகள் 576 மட்டுமே. புதிய திரைகளிலோ 768 அல்லது 1080 கோடுகள் உள்ளன. இல்லாத கோடுகளைப் பெட்டி ஊகித்து நிரப்பும்போது, நல்ல படத்தைப் போலவே இரைச்சற் புள்ளிகளும் பெரிதாகின்றன. சமிக்ஞையின் ஒழுங்கைப் பற்றிக்கொள்ள முடியாதபோது பல பெட்டிகள் படத்தை நிறுத்தி நீலத் திரையைப் போட்டுவிடுகின்றன.

நிழலுருவப் பிரச்சினையும் இவ்வாறானதே. மலையில் பட்டு 300 மீற்றர் அதிகமாகச் சுற்றி வரும் அலை, நேராக வரும் அலையை விட ஒரு மைக்ரோ செக்கன் தாமதித்து வந்து சேரும். 14 அங்குலப் பெட்டியில் இதனால் தோன்றும் இரண்டாவது உருவம் அரைச் சென்ரிமீற்றர் அளவே விலகித் தெரியும். 43 அங்குலத் திரையிலோ அது ஏறத்தாழ இரண்டு சென்ரிமீற்றர். செய்தி வாசிப்பவருக்கு இரண்டு மூக்கு இருப்பதாக நண்பரின் பேரன் சொன்னது மிகையன்று.

இனிச் செய்ய வேண்டியவற்றுக்கு வருவோம். பணம் செலவாகாத காரியங்களை முதலில் செய்து பார்ப்பதே புத்தி. பெட்டியில் நாடாக இலங்கையையோ, அது இல்லாவிடின் இந்தியாவையோ தெரிவு செய்து, அனலொக் தேடலை இயக்க வேண்டும். சில பெட்டிகள் டிஜிட்டல் தேடலை மாத்திரமே தாமாகச் செய்யும். அதில் எதுவும் அகப்படாது. தானியங்கித் தேடல் பலவீனமான அலைவரிசைகளைத் தாண்டிச் சென்றுவிடும் என்பதால், கையால் தேடிப் பதிவு செய்தல் அவசியம். படம் வந்து ஒலி வராது இரைந்தால், ஒலி முறை 'டிகே' அல்லது 'ஐ' என்றிருக்கும். இலங்கைக்குரியது 'பிஜி'. நீலத் திரையை நிறுத்தும் வசதி இருந்தால் அதனையும் நிறுத்திவிடலாம்.

அடுத்தது வயர். பழைய வீடுகள் பலவற்றில் இன்றும் தொங்குவது தட்டையான இரட்டை வயர். மழையிலும் மூடுபனியிலும் அது சமிக்ஞையைப் பெருமளவில் இழக்கும். 75 ஓம் வட்டக் கேபிளை, நடுவே ஒட்டுப் போடாது ஒரே நீளமாக இழுப்பது சிறந்தது. மலைநாட்டு ஈரத்தில் பச்சை பூத்துப்போன இணைப்புகளே பல வீடுகளில் குற்றவாளிகளாக இருக்கின்றன. ஒரு அன்டெனாவிலிருந்து இரண்டு வீட்டுக்குப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் பாதிக்கும் குறைவான வலுவே கிடைக்கும் என்பதையும் மறத்தலாகாது.

அன்டெனாவைப் பொறுத்தவரையில், கடைகளில் விற்கப்படும் சிறு உட்புற அன்டெனாக்கள் கொழும்பு மாடிவீடுகளுக்குப் பொருந்தலாம். தகரக்கூரையின் கீழ் அவை பயனற்றவை. வீ.எச்.எஃப். அலைவரிசைகளுக்கு ஏறத்தாழ 80 சென்ரிமீற்றர் நீளக் குழாய்களும், யூ.எச்.எஃப். அலைவரிசைகளுக்கு 25 சென்ரிமீற்றர் அளவான சிறு குழாய்களும் தேவை. எனவே சிறிய குழாய்கள் மட்டுமுள்ள அன்டெனாவில் சில அலைவரிசைகள் தெரிந்து சில தெரியாதிருப்பதில் வியப்பில்லை. உயரத்தை விட இடமே முக்கியம். எட்டு அடி தள்ளி நட்டதும் படம் வந்த வீடுகள் உண்டு. கோபுரத்தின் திசையில் மலை மறித்தால், எதிர்ச்சரிவை நோக்கித் திருப்பிப் பார்ப்பதும் பலனளிக்கலாம். பூஸ்டர் வாங்குவதாயின் அதனைக் கம்பத்தின் உச்சியில் அன்டெனாவுக்கு அருகில் பொருத்த வேண்டும். தொலைக்காட்சிக்குப் பின்னால் வைத்த பூஸ்டர், வயரில் சேர்ந்த இரைச்சலையும் சேர்த்தே பெருப்பிக்கும்.

கம்பம் நடும்போது மின்கம்பிகள் அருகில் இருக்கக் கூடாது. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் இடி தொடங்குமுன் அன்டெனா வயரைக் கழற்றி வைத்தல் வேண்டும்.

இத்தனை சிரமம் எதற்கு, இந்திய செய்மதித் தட்டு ஒன்றைப் பூட்டினால் போயிற்று என்று சொல்வோர் உள்ளனர். தோட்டங்களில் அவ்வாறான தட்டுகள் ஏராளம். அதில் தமிழ் நாடகம் வரும்; சென்னையின் மழையும் தெரியும். பதுளை மாவட்டத்துக்கான மண்சரிவு எச்சரிக்கை அதில் வராது. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணில் புதைந்ததை நாம் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போதும் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் பதுளையும் ஒன்று. மின்சாரம் நின்றபின் தொலைக்காட்சியால் பயனில்லை என்பது உண்மை. அதற்கு பற்றரி வானொலியே துணை. ஆனால் எச்சரிக்கை வருவது மின்சாரம் நிற்பதற்கு முன்னர். நேத்ரா, வசந்தம், சக்தி போன்ற தமிழ் அலைவரிசைகளின் செய்தி மாதக் கட்டணமின்றி வீட்டுக்குள் வருவதன் பெறுமதி அப்போதே விளங்கும். றமழான் தலைப்பிறை அறிவித்தலுக்காகக் காத்திருக்கும் லுணுகலை நகரத்து முஸ்லிம் குடும்பங்களுக்கும் சென்னை அலைவரிசை உதவப்போவதில்லை. இணையத்தில் பார்க்கலாம் எனின், சாதாரண தரத்திலேயே ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு ஜிகாபைட் வரை டேட்டா கரையும். நாட்கூலியில் வாழும் வீட்டுக்கு அது சிறிய செலவன்று.

புதிதாக வாங்க இருப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'டிஜிட்டல் டீவி' என்று கடைகளில் காட்டப்படும் பெட்டிகள் பலவற்றில் இருப்பது ஐரோப்பிய டி.வி.பி.-டி2 வாங்கி. இலங்கை 2014 மே மாதத்தில் தெரிவு செய்ததோ ஜப்பானிய ஐ.எஸ்.டி.பி.-டி முறையை. ஒன்றுக்கான வாங்கி மற்றொன்றைப் பெறாது. நாடு முழுவதற்குமான டிஜிட்டல் மாற்றம் பலமுறை பேசப்பட்டும் தாமதித்தே வந்துள்ளது. அது நடைமுறைக்கு வரும்போது இப்பெட்டிகளுக்குத் தனியே ஒரு மாற்றிப் பெட்டி தேவைப்படும். ஆகவே 'டிஜிட்டல்' என்ற ஒரு சொல்லுக்காக இன்று அதிக விலை கொடுப்பதில் அர்த்தமில்லை.

நண்பரின் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் செலவானது. அவருடைய மகன் கம்பத்தைக் கொய்யா மரத்தடியிலிருந்து குசினிப் பக்கத்துக்கு மாற்றினார். இரட்டை வயர் போய் வட்டக் கேபிள் வந்தது. மாலையாகும்போது மூன்று அலைவரிசைகள் கிடைத்தன. அவற்றுள் ஒன்றில் நிழல் இன்னும் இருக்கின்றது. இரவுச் செய்தியை இப்போது புதிய பெட்டியிலேயே பார்க்கின்றார். பழையதைத் தூக்கி எறிய மட்டும் மனமில்லை.