மாரிஸ் மைனரும் மாற்றுப் பின்னச்சும்

பழைய மோட்டார் வண்டிகளைப் பேணுவோர் தம்முள் கூடும்போது, இன்ன வண்டியின் பின்னச்சு இன்ன வண்டிக்குப் பொருந்துமா என்று வினவுதல் வழக்கம். "பொருந்தும்" என்ற ஒரு சொல்லையே விடையாகக் கொண்டு, பணமும் உழைப்பும் செலவிட்டுப் பின் இடர்ப்பட்டாரும் உளர். அச்சு வண்டியிற் பொருந்துவது வேறு. இஞ்சினுக்கும் சாலைக்கும் பொருந்துவது வேறு. இவ்வேறுபாட்டை மாரிஸ் மைனர் என்னும் சிறு வண்டியைக் கொண்டு விளக்கப் புகுகின்றோம்.

அலெக் இசிகோனிஸ் என்பார் அமைத்த இவ்வண்டி 1948-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்தது. 1971 வரை பதினாறு இலட்சத்திற்கு மேற்பட்டவை செய்யப்பெற்றன. இலங்கைச் சாலைகளில் இன்றும் இவற்றைக் காணலாம்.

இஞ்சினின் சுழற்சி, வண்டியின் அடியிற் செல்லும் நெடுந்தண்டு வழியாகப் பின்னச்சின் நடுவை அடைகின்றது. அங்கே பினியன் என்னும் சிறு பல்சக்கரம் கிரௌன் என்னும் பெரிய பல்சக்கரத்தைச் சுழற்றுகின்றது. பினியனுக்கு 9 பற்களும் கிரௌனுக்கு 41 பற்களும் இருப்பின், சாலையில் ஓடும் சக்கரம் ஒருமுறை சுற்றுவதற்கு நெடுந்தண்டு 4.555 முறை சுற்றவேண்டும். இவ்வெண்ணே அச்சின் விகிதம் எனப்படும். 803 கன சென்டிமீட்டர் இஞ்சின் பூண்ட மைனர்கள் பலவற்றில் இது 5.286 ஆக இருந்தது. 1956-இல் 948 இஞ்சின் வந்தபோது 4.555 ஆகவும், 1962-இல் 1098 இஞ்சின் வந்தபோது 4.22 ஆகவும் குறைந்தது. இஞ்சின் வலுப்பெற்ற அளவிற்கே விகிதத்தைக் குறைத்தனர் என்பதை வாசகர் கருதுக.

இனி, மாற்றத்தில் ஆசை பிறப்பது ஏன்? மைனரின் சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் 1.8 மீட்டர் செல்லும். மணிக்கு 50 மைல் வேகத்தில் மேல் கியரில் ஓடுங்கால், 5.286 விகிதத்தில் இஞ்சின் நிமிடத்திற்கு ஏறக்குறைய 3,900 முறையும், 4.555-இல் 3,400 முறையும் சுழல்கின்றது. விகிதம் 3.9 ஆயின் 2,900 முறை போதும். இரைச்சலும் தேய்மானமும் குறையும்.

இந்த 3.9 விகிதம் பிற்கால எம்.ஜி. மிட்ஜெட் வண்டிகளில் உண்டு. ஆயின் மிட்ஜெட்டின் அச்சு முழுவதையும் மைனரில் ஏற்றலாகாது. அதன் பின்சக்கரங்களின் இடையகலம் 44¾ அங்குலம். மைனரினது 50 அங்குலத்திற்குச் சற்று மேல். நல்வாய்ப்பாக, இரண்டும் ஒரே குடும்பத்து அச்சுகள். அரைத்தண்டுகளை வெளியே இழுத்து, நெடுந்தண்டைக் கழற்றி, நடுவிலுள்ள டிபரன்ஷியல் தொகுதியை மட்டும் முன்புறமாக எடுத்து, மைனரின் கூட்டினுள் மிட்ஜெட்டின் தொகுதியைப் பொருத்திவிடலாம். பினியனும் கிரௌனும் இணையாகவே தேய்த்துச் செய்யப்பட்டவை; ஒன்றைப் பிரித்து வேறொன்றுடன் சேர்த்தால் ஊளையிடும்.

முழு அச்சையே மாற்ற விழைவோர் 1957-இல் வந்த ரைலி 1.5, வூல்ஸ்லி 1500 ஆகியவற்றை நாடுவர். இவ்விரண்டும் மைனரின் அடித்தளத்திலிருந்தே பிறந்தவை. இவற்றின் அச்சு வலியது, விகிதம் 3.73. எனினும் நெடுந்தண்டின் இணைப்பையும் கைப்பிரேக் கம்பியையும் திருத்த வேண்டும். பின்பிரேக்கு பெரிதாகையால், முன்பிரேக்கை அதற்கேற்ப வலுப்படுத்தாவிடின் ஈரச்சாலையிற் பின்சக்கரங்கள் முந்திப் பூட்டிக்கொண்டு வண்டி திரும்பிவிடக் கூடும்.

நிற்க. விகிதம் 4.555-இலிருந்து 3.9 ஆகும்போது சக்கரத்தை இழுக்கும் விசையில் ஏழில் ஒரு பங்கு குறைகின்றது. எம் நண்பரொருவர் தம் 948 மைனரில் இம்மாற்றஞ் செய்து, நால்வருடன் கண்டிக்குப் புறப்பட்டார். சமவெளியில் மிக்க மகிழ்ச்சி. கடுகண்ணாவை ஏற்றத்திலோ மூன்றாங் கியரும் தாங்காது இரண்டிற்கு இறங்கினார். பின்னே வந்த பஸ்காரர் ஒலியெழுப்பியதைப் பற்றி அவர் இன்றும் பேச விரும்புவதில்லை. இறக்கத்திலும் இஞ்சினின் தடுப்பு அதே அளவு குறையுமாதலின், பிரேக்குகள் மிகுதியாகச் சூடேறும். 1098 இஞ்சினுக்கு 3.9 தாங்கும், 803-க்கு அது பெருஞ்சுமை என்பதே எம் கருத்து.

பழைய இரும்புக் கடையிற் கிடக்கும் அச்சின் விகிதத்தை அறிதல் எளிது. ஒரு பக்கத்துச் சக்கரத்தை அசையாது பிடித்து, மறுபக்கத்ததை இருமுறை சுற்றுக. அப்போது கிரௌன் ஒருமுறை சுற்றும். பினியன் முனையிற் சுண்ணக்கோடு இட்டு அதன் சுற்றுகளை எண்ணுக. நான்கரைக்குச் சற்று மேலாயின் 4.555, நான்கிற்குச் சற்றுக் குறைவாயின் 3.9.

பலர் மறப்பது வேகமானியை. மைனரில் அது கியர்ப்பெட்டியின் வாலிலிருந்து இயங்குகின்றது. அச்சு மாறியதை அது அறியாது. 4.555-க்கு அமைந்த மானி, 3.9 பூட்டியபின் 50 மைல் என்று காட்டும்போது வண்டி உண்மையில் 58 மைல் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். புதிய விகிதத்திற்கேற்ப மானியைத் திருத்துவிக்கும் வரை, மெய்யான வேகங்களைக் கணக்கிட்டு ஒரு சீட்டில் எழுதி அதனருகே ஒட்டிவைத்தல் வேண்டும்.